தெரிந்த ஆள்தானே, கொடுத்துவிடலாமே!

நெருள் ஏரிக்கரைப் பூங்காவில் மாலையில் நடக்கப் போகும் நம் சங்க அன்பர்களுக்குள் பேச்சு எங்கே தொடங்கி எங்கே முடியும் என்று சொல்ல முடியாது. சென்ற மாதம் ஒரு நாள் அது துப்பாக்கியில் வந்து நின்றது.

நண்பர் ஒருவரின் மாமனார் அண்மையில் காலமானார். அம்பாசமுத்திரம் பக்கம் மலையடிவாரத்தில் தோட்டம் வைத்திருந்தவர். பயிரை அழிக்க வரும் காட்டுப்பன்றிக்காக முறைப்படி லைசென்ஸ் வாங்கி ஓர் இரட்டைக்குழல் துப்பாக்கியும் வைத்திருந்தார். இப்போது மாமியாரை நெருளுக்கே அழைத்து வந்துவிட்டார்கள். ஊரில் வீடு பூட்டிக் கிடக்கிறது. துப்பாக்கி அலமாரிக்குள் இருக்கிறது. "பக்கத்துத் தோட்டக்காரர் கேட்கிறார் சார். என் மைத்துனர் கொடுத்துவிடலாம் என்கிறார். இருபது வருஷமாகத் தெரிந்த ஆள்தானே?" என்றார் நண்பர்.

உடனே கூட நடந்து வந்த மாமி ஒருவர், "அதை ஏன் கேட்கிறேள்! டெக்சாஸிலே எங்க மாப்பிள்ளையோட கூட வேலை பார்க்கிறவர், போன சனிக்கிழமை ஒரு துப்பாக்கியை வித்தாராம். பணத்தை வாங்கிண்டார், துப்பாக்கியைக் கொடுத்தார், அவ்வளவுதான். ஒரு காகிதம்கூடக் கிடையாதாம். அந்த ஊரிலே போலீஸே இல்லையா?" என்றார்.

இரண்டும் வெவ்வேறு ஊர்க் கேள்விகள்தான். ஆனால் அடியில் இருப்பது ஒரே கேள்வி. கடைக்காரர் அல்லாத ஒரு சாதாரண மனிதர், தம் துப்பாக்கியை இன்னொருவருக்குக் கொடுக்கும்போது, வாங்குகிறவர் யார், எப்படிப்பட்டவர் என்பதை யார் பார்ப்பது? எப்படிப் பார்ப்பது? அன்று எனக்குத் தெரிந்த அளவில் பதில் சொன்னேன். வீட்டுக்கு வந்து சட்டத்தைப் புரட்டிப் பார்த்த பிறகு, இதைச் சற்று விளக்கமாக எழுதினால் நம் குடும்பங்கள் பலவற்றுக்கும் உதவும் என்று தோன்றியது. ஊரில் பாட்டன் காலத்துத் துப்பாக்கி உள்ள வீடுகளும் நம்மிடையே உண்டு. அமெரிக்காவிலும் கனடாவிலும் பிள்ளைகள் உள்ள வீடுகளோ ஏராளம்.

ஆளைப் பார்ப்பது வேறு, பொருளைப் பதிவது வேறு

முதலில் ஒரு சிறு விளக்கம். நம் வீட்டு ஸ்கூட்டருக்கு இரண்டு காகிதங்கள் உண்டு. ஒன்று ஓட்டுகிறவரின் டிரைவிங் லைசென்ஸ். அது ஆளைப் பற்றியது. "இவர் வண்டி ஓட்டத் தகுதியானவர்" என்று சொல்கிறது. எந்த வண்டி என்று அதில் இருக்காது. மற்றொன்று ஆர்.சி. புத்தகம். அது பொருளைப் பற்றியது. "இந்த எண்ணுள்ள வண்டி இன்னாருடையது" என்று சொல்கிறது.

இரண்டும் தனித்தனி என்பதை நான் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன். பல ஆண்டுகளுக்கு முன் என் பழைய ஸ்கூட்டரை, தெரிந்தவர் என்ற நம்பிக்கையில் ஒருவருக்கு விற்றேன். அவரிடம் செல்லத்தக்க லைசென்ஸ் இருந்தது. ஆர்.சி.யை அவர் பெயருக்கு மாற்றிக்கொள்வார் என்று விட்டுவிட்டேன். அவர் மாற்றவில்லை. இரண்டு வருடம் கழித்து, நான் போயே இராத ஒரு தெருவில் நடந்த விபத்துக்காக என் வீட்டுக் கதவைத் தட்டினார்கள். ஆள் சரிதான். பொருளின் கணக்குத்தான் தவறிப்போயிற்று.

துப்பாக்கி விஷயத்திலும் இதே இரண்டு வேலைகள் உண்டு. ஒன்று, வாங்குகிறவரின் பின்னணியைச் சோதிப்பது. மற்றொன்று, எந்தத் துப்பாக்கி யாரிடம் இருக்கிறது என்று அரசாங்கம் பதிவேடு வைப்பது. நம் நாட்டில் இரண்டும் உண்டு. அமெரிக்காவில் முதலாவது பாதிதான் உண்டு, இரண்டாவதை மத்திய சட்டமே தடுக்கிறது. இரண்டாவது இல்லாமல் முதலாவதை முழுமையாகச் செய்ய முடியுமா என்பதுதான் அங்கே பல ஆண்டுகளாக நடக்கும் வாதம்.

நம் நாட்டுச் சட்டம் சொல்வது

நம் ஆயுதச் சட்டம் 1959-இல் இயற்றப்பட்டு, 1962 அக்டோபர் 1 முதல் நடைமுறையில் உள்ளது. இதன்படி முதல் சோதனை, துப்பாக்கி வாங்குவதற்கு முன்பே, லைசென்ஸ் கேட்கும்போதே நடந்துவிடுகிறது. மனு கொடுத்தவரைப் பற்றிப் போலீஸ் அறிக்கை வரவழைக்கப்படும். பொதுவாக 21 வயது நிரம்பியிருக்க வேண்டும். வன்முறைக் குற்றத்துக்காகத் தண்டனை பெற்றவர், தண்டனைக் காலம் முடிந்து ஐந்து ஆண்டுகள் ஆகும்வரை வாங்கக் கூடாது. மனநிலை சரியில்லாதவருக்கும் லைசென்ஸ் கிடையாது. மாவட்டங்களில் கலெக்டரும், நம் நவி மும்பை போன்ற இடங்களில் போலீஸ் கமிஷனரும் லைசென்ஸ் வழங்கும் அதிகாரிகள்.

லைசென்ஸ் உள்ள ஒருவர் தம் சொந்தத் துப்பாக்கியை இன்னொருவருக்கு விற்கலாமா? விற்கலாம். இதற்கு அவர் கடைக்காரராக இருக்க வேண்டியதில்லை. சட்டத்தின் 5-ஆம் பிரிவு இதை அனுமதிக்கிறது. ஆனால் மூன்று நிபந்தனைகள் உண்டு. முதலாவது, வாங்குகிறவர் அந்தத் துப்பாக்கியை வைத்துக்கொள்ளச் சட்டப்படி தகுதி உள்ளவராக இருக்க வேண்டும். இரண்டாவது, விற்கப் போகும் செய்தியையும், வாங்குகிறவரின் பெயர், முகவரியையும் மாவட்ட மாஜிஸ்திரேட்டுக்கோ அருகிலுள்ள போலீஸ் நிலைய அதிகாரிக்கோ எழுத்துமூலம் தெரிவிக்க வேண்டும். மூன்றாவது, தெரிவித்த நாளிலிருந்து குறைந்தது 45 நாட்கள் கழிய வேண்டும். அதன் பிறகுதான் துப்பாக்கி கை மாறலாம்.

இதோடு 29-ஆம் பிரிவு ஒன்று இருக்கிறது. பலருக்கு இது தெரியாது. வாங்குகிறவருக்குத் தகுதி உண்டா என்று முன்கூட்டித் தெரிந்துகொள்ளாமல் ஆயுதத்தை அவர் கையில் கொடுப்பதே குற்றம். ஆறு மாதம் வரை சிறைத்தண்டனை உண்டு. "எனக்குத் தெரியாது" என்று பின்னால் சொல்லித் தப்பிக்க முடியாது. தெரிந்துகொள்ள வேண்டியது கொடுக்கிறவரின் கடமை என்று சட்டம் வைத்திருக்கிறது.

பதிவேடும் நமக்கு உண்டு. லைசென்ஸிலேயே துப்பாக்கியின் வகையும் எண்ணும் எழுதப்படும். 2012-இல் விதிகள் திருத்தப்பட்டு, நாடு முழுவதற்கும் ஒரே கணினிப் பதிவேடு ஏற்பட்டது. ஒவ்வொரு லைசென்ஸ்தாரருக்கும் தனி அடையாள எண் தரப்பட்டது. 2019-இல் வந்த திருத்தம், ஒருவர் வைத்துக்கொள்ளக்கூடிய துப்பாக்கிகளை மூன்றிலிருந்து இரண்டாகக் குறைத்தது. லைசென்ஸ் காலத்தை மூன்று ஆண்டிலிருந்து ஐந்தாக உயர்த்தியது. தேர்தல் வந்தால் லைசென்ஸ் துப்பாக்கிகளைப் போலீஸ் நிலையத்தில் ஒப்படைக்கச் சொல்வதை ஊரில் நாம் பார்த்திருக்கிறோம். யாரிடம் என்ன இருக்கிறது என்ற பட்டியல் இருப்பதால்தான் அது முடிகிறது.

அமெரிக்காவில் ஓட்டை எங்கே?

1981-இல் அதிபர் ரீகன் சுடப்பட்டபோது, அவருடைய பத்திரிகைச் செயலாளர் ஜேம்ஸ் பிராடியும் தலையில் குண்டடிபட்டு முடமானார். அவர் பெயரால் 1993-இல் ஒரு சட்டம் வந்தது. 1998 நவம்பர் முதல் அதற்கான கணினிச் சோதனை முறை இயங்கி வருகிறது. லைசென்ஸ் பெற்ற கடையில் துப்பாக்கி வாங்கப் போனால், கடைக்காரர் வாங்குபவரின் விவரத்தைக் கொடுத்துக் கேட்பார். பெரும்பாலும் சில நிமிடங்களில் "கொடுக்கலாம்" அல்லது "கூடாது" என்று பதில் வரும்.

ஆனால் இந்தக் கடமை கடைக்காரருக்கு மட்டுமே. எப்போதாவது தம் சொந்தத் துப்பாக்கியை விற்கும் தனி மனிதருக்கு மத்திய சட்டத்தில் இந்தக் கடமை இல்லை. கலிபோர்னியா, நியூயார்க், கொலராடோ, வாஷிங்டன் போன்ற மாநிலங்கள் தனியார் விற்பனைக்கும் சோதனை வேண்டும் என்று தாமாகச் சட்டம் செய்துகொண்டன. டெக்சாஸ் அப்படிச் செய்யவில்லை. மாமி கேட்டது உண்மைதான்.

அதன் விளைவுக்கு ஓர் உதாரணம். டெக்சாஸில் மிட்லாண்ட், ஒடெஸ்ஸா ஊர்களில் 2019 ஆகஸ்ட் 31 அன்று ஒருவன் காரில் போய்க்கொண்டே சுட்டதில் ஏழு பேர் இறந்தார்கள். 2014-இல் அவன் கடையில் துப்பாக்கி வாங்க முயன்றான். சோதனையில் "கூடாது" என்று பதில் வந்துவிட்டது. சட்டம் சரியாகவே வேலை செய்தது. பிறகு அவன் ஒரு தனி மனிதரிடம் போய் வாங்கிக்கொண்டான். அங்கே கேட்பாரில்லை. முன்வாசலுக்குப் பூட்டுப் போட்டுவிட்டுக் கொல்லைக் கதவைத் திறந்து வைத்த கதைதான்.

பட்டியல் என்றால் ஏன் பயம்?

"அப்படியானால் நம்மைப் போல எல்லாவற்றையும் பதிவு செய்துவிட்டால் தீர்ந்ததே?" என்று நமக்குத் தோன்றும். ஆனால் அங்கே பெரும்பகுதி மக்கள் இதை ஏற்பதில்லை. துப்பாக்கி வைத்திருப்பதை அவர்கள் அரசியல் சட்டம் உரிமையாகத் தந்திருக்கிறது. இன்று பட்டியல் எடுத்தால் நாளை அதே பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு வீடு வீடாக வந்து பறிப்பார்கள் என்பது அவர்கள் அச்சம். 1986-இல் வந்த சட்டம் மத்திய அரசு துப்பாக்கிப் பதிவேடு ஏற்படுத்துவதைத் தடுத்தது. கடைச் சோதனையில் "கொடுக்கலாம்" என்று பதில் வந்தவர்களின் விவரத்தை 24 மணி நேரத்துக்குள் அழித்துவிட வேண்டும் என்றும் விதி உண்டு. மூடப்பட்ட துப்பாக்கிக் கடைகளின் பழைய காகிதங்கள் மேற்கு வர்ஜீனியாவில் ஓர் அரசு அலுவலகத்தில் மலைபோலக் குவிந்திருக்கின்றன. அவற்றைப் படமெடுத்து வைக்கிறார்களே தவிர, ஆள் பெயரைக் கொண்டு தேடும்படி செய்யக் கூடாது.

இதை நாம் சிரித்துத் தள்ள வேண்டாம். நம் தெற்குச் சீமைக்கும் இந்த அனுபவம் உண்டு. பாளையக்காரர் போர் அடங்கியதும், 1801 டிசம்பர் 1 அன்று சென்னை கவர்னர் எட்வர்ட் கிளைவ் ஓர் அறிவிப்பு வெளியிட்டார். பாளையங்களின் கோட்டைகள் இடிக்கப்பட்டன. மக்கள் ஆயுதம் தாங்கும் வழக்கத்தை விட்டுவிட வேண்டும் என்று உத்தரவாயிற்று. பிறகு 1878-இல் வைஸ்ராய் லிட்டன் காலத்து ஆயுதச் சட்டம், இந்தியர்களுக்கு லைசென்ஸ் கட்டாயம், ஐரோப்பியருக்கு விலக்கு என்று வைத்தது. பட்டியலை யார் வைத்திருக்கிறார்கள், எதற்காக வைத்திருக்கிறார்கள் என்பதைப் பொறுத்துத்தான் அது காவலா, கண்காணிப்பா என்பது அமையும். ஆகவே அவர்களுடைய அச்சம் நமக்கு ஒப்புதல் இல்லாவிட்டாலும், புரியாத ஒன்றல்ல.

2013 ஏப்ரலில் மான்சின், டூமி என்ற இரு செனட்டர்கள், கட்சிக்கு ஒருவராகச் சேர்ந்து ஒரு சமரசம் கொண்டு வந்தார்கள். துப்பாக்கிச் சந்தைகளிலும் விளம்பரத்தின் மூலமும் நடக்கும் தனியார் விற்பனைக்குச் சோதனை வேண்டும். அதே மசோதாவில், அந்தத் தகவலைக் கொண்டு பதிவேடு தயாரிக்கும் அதிகாரிக்கு 15 ஆண்டு வரை சிறை. அப்படியும் 54 பேர் ஆதரவு, 46 பேர் எதிர்ப்பு. 60 தேவை என்ற விதியால் மசோதா விழுந்தது.

கனடா செய்து காட்டியது

அமெரிக்கா வாதாடிக்கொண்டிருக்கும் விஷயத்தைப் பக்கத்து வீட்டுக் கனடா நடைமுறைக்கே கொண்டு வந்துவிட்டது. டொராண்டோவில் உறவினர் உள்ளவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

கனடாவில் 1995 சட்டப்படி ஆளுக்கும் லைசென்ஸ் வந்தது, நீண்ட துப்பாக்கிகளுக்கும் பதிவேடு வந்தது. செலவு எக்கச்சக்கமாக ஏறியதாலும், கிராமத்து வேட்டைக்காரர்களும் விவசாயிகளும் எதிர்த்ததாலும், 2012-இல் வேட்டைத் துப்பாக்கிகளுக்கான பதிவேட்டை ஒழித்தார்கள். கியூபெக் மாநிலம் தன் பகுதித் தகவலைக் கேட்டு வழக்காடியது. உச்ச நீதிமன்றம் 2015-இல் மறுத்துவிட்டது. ஆனால் ஆளுக்கான லைசென்ஸ் மட்டும் தொடர்ந்தது.

பிறகு 2019-இல் இயற்றிய சட்டத்தின்படி, 2022 மே 18 முதல் ஒரு புதிய முறை வந்தது. வேட்டைத் துப்பாக்கியை விற்கும் தனி மனிதர், வாங்குபவரின் லைசென்ஸ் எண்ணைச் சொல்லி அரசுப் பதிவாளரிடம் கேட்க வேண்டும். லைசென்ஸ் உயிரோடு இருக்கிறது என்றால் பதிவாளர் ஒரு குறிப்பு எண் தருவார். அந்த எண் 90 நாட்களுக்குச் செல்லும். எண் கிடைத்தால் விற்கலாம். கிடைக்காவிட்டால் விற்கக் கூடாது. என்ன துப்பாக்கி, என்ன எண்ணுள்ளது என்ற விவரம் இதில் சேருவதில்லை. கேட்பது ஆளைப் பற்றி மட்டும். இன்னொரு நல்ல ஏற்பாடும் உண்டு. லைசென்ஸ் உள்ள எல்லாருடைய பெயரையும் ஒவ்வொரு நாளும் போலீஸ் கணினியோடு ஒப்பிடுகிறார்கள். லைசென்ஸ் வாங்கிய பிறகு ஒருவர் அடிதடியில் இறங்கினால், அது புதுப்பிக்கும் நாள் வரை தெரியாமல் போகாது.

பதில் வராவிட்டால் சிவப்பு

இதைப் படித்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது. ரயில்வேயில் நாங்கள் காலங்காலமாகச் செய்து வந்த காரியம் இது. ஸ்டேஷன் மாஸ்டர்களிடம் 'பிரைவேட் நம்பர்' என்று ஒரு தாள் இருக்கும். இரண்டு இலக்க எண்கள் முன்பின்னாக அச்சடித்திருக்கும். லெவல் கிராசிங்கில் கேட்டை மூடும்படி மாஸ்டர் போனில் சொல்வார். கேட்மேன் மூடிப் பூட்டிய பிறகு, தன் தாளிலிருந்து ஓர் எண்ணைச் சொல்வார். மாஸ்டர் அதை எழுதிக்கொண்டு, அதன் பிறகுதான் சிக்னல் கொடுப்பார். அந்த எண்ணுக்குத் தனியே பொருள் ஒன்றும் இல்லை. கேட்டவர் கேட்டார், பதில் சொல்ல வேண்டியவர் சொன்னார் என்பதற்கு அத்தாட்சி. அவ்வளவே. கனடாவின் குறிப்பு எண்ணும் அதே வேலையைத்தான் செய்கிறது.

ரயில்வேயில் இன்னொரு விதியும் உண்டு. சிக்னல் விளக்கு அணைந்திருந்தால் அதைச் சிவப்பு என்றே டிரைவர் கொள்ள வேண்டும். பச்சை எரியாதவரை அனுமதி இல்லை. மௌனம் சம்மதம் என்பது கல்யாணப் பேச்சுக்கு ஆகலாம், ரயிலுக்கு ஆகாது.

அமெரிக்கக் கடைச் சோதனையில் இந்த இடத்தில்தான் பிழை. மூன்று வேலை நாட்களுக்குள் பதில் வராவிட்டால் கடைக்காரர் விற்றுவிடலாம். 2015-இல் சார்ல்ஸ்டன் நகரத் தேவாலயத்தில் ஒன்பது பேரைக் கொன்றவன், பதில் வராமல் இப்படி நாள் கடந்துபோனதால்தான் துப்பாக்கி பெற்றான். நம் 45 நாள் விதியிலும் ஒரு வகையில் இதே குறை இருக்கிறது. போலீஸ் ஒன்றும் சொல்லாமல் 45 நாள் போனால் விற்பனை நடக்கும். ஆனால் வாங்குபவர் ஏற்கெனவே போலீஸ் விசாரணை முடிந்து லைசென்ஸ் பெற்றவராக இருக்க வேண்டும் என்பதால் நமக்கு அபாயம் குறைவு. கனடா முறையில் எண் வராவிட்டால் விற்பனை இல்லை. அது அணைந்த விளக்கைச் சிவப்பாகக் கொள்ளும் முறை.

ஆகவே பதிவேடு இல்லாமல் சோதனை முடியுமா என்று கேட்டால், முடியும் என்பதே என் பதில். அதற்கு மூன்று வேண்டும். விற்பவருக்குக் கேட்க ஓர் இடம் வேண்டும். கேட்பது ஆளைப் பற்றி மட்டும் இருக்க வேண்டும். தெளிவான "சரி" வராமல் பொருள் கை மாறக் கூடாது.

எதனாலும் தீராத குறைகள்

ஆனால் இதற்கும் எல்லை உண்டு. பதிவேடு இல்லாத இடத்தில், ஒருவர் கேட்காமலே விற்றுவிட்டால் யாருக்குத் தெரியும்? அமெரிக்காவில் தனியார் விற்பனைச் சோதனையைக் கட்டாயமாக்கிய மூன்று மாநிலங்களை ஒப்பிட்ட ஓர் ஆய்வில், டெலாவேரில் சோதனைகள் கூடியதும், கொலராடோவிலும் வாஷிங்டனிலும் குறிப்பிடும்படி கூடாததும் தெரிந்தது. சட்டம் போட்டால் போதாது, மக்கள் கேட்கவும் வேண்டும்.

அடுத்து, பதில் சொல்கிறவரிடம் உள்ள ஏடு சரியாக இருக்க வேண்டும். 2007 ஏப்ரல் 16 அன்று வர்ஜீனியா டெக் பல்கலைக்கழகத்தில் 32 பேர் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். அவர்களில் ஒருவர் நம் கோபிசெட்டிபாளையம் பகுதியில் பிறந்த பேராசிரியர் ஜி.வி. லோகநாதன். சிவில் இன்ஜினியரிங் வகுப்பு நடத்திக்கொண்டிருந்தபோது உயிரிழந்தார். மும்பையிலிருந்து படிக்கப் போன ஒரு மாணவியும் அன்று இறந்தார். கொலையாளி இரண்டு துப்பாக்கிகளையும் சோதனையில் தேறியே வாங்கியிருந்தான். அவன் தனக்கே ஆபத்தானவன் என்று 2005-இல் ஒரு நீதிபதி முடிவு செய்திருந்தார். அந்த முடிவு சோதனைக் கணினிக்குப் போய்ச் சேரவில்லை. பிறகு 2008-இல் அதைச் சரிசெய்யச் சட்டம் வந்தது. போன உயிர்கள் போனவைதான்.

நம்மிடம் பதிவேடு இருக்கிறதே என்று நாமும் மார்தட்ட முடியாது. ஜம்மு காஷ்மீரில் 2012 முதல் 2016 வரை, தகுதியற்றவர்களுக்கு முறைகேடாக 2.78 லட்சத்துக்கும் மேற்பட்ட லைசென்ஸ்கள் வழங்கப்பட்டதாக சி.பி.ஐ. குற்றம் சாட்டி விசாரித்தது. ஆளைச் சரியாகப் பார்க்காமல் லைசென்ஸ் கொடுத்தால், பதிவேடு அந்தத் தவற்றை அழகாக எழுதி வைக்கும். வேறு ஒன்றும் செய்யாது. தவிர, நம் நாட்டில் போலீஸ் கைப்பற்றும் துப்பாக்கிகளில் மிகப் பெரும்பாலானவை லைசென்ஸே இல்லாதவை. வடக்கே 'கட்டா' என்று சொல்லும் கள்ளத் துப்பாக்கி எந்தப் பதிவேட்டிலும் ஏறாது.

லைசென்ஸ் உள்ள துப்பாக்கியே வேறு கைக்குப் போனால் என்ன ஆகும் என்பதை நம் மும்பையிலேயே பார்த்தோம். 2024 பிப்ரவரி 8 அன்று தஹிசரில் முன்னாள் மாநகராட்சி உறுப்பினர் ஒருவர், நேரடி ஒளிபரப்பு நடந்துகொண்டிருக்கும்போதே சுடப்பட்டு இறந்தார். சுட்டவரும் தன்னைத்தானே சுட்டுக்கொண்டார். அந்தத் துப்பாக்கி சுட்டவருடையதல்ல, அவரிடம் வேலை பார்த்த பாதுகாவலர் பெயரில் லைசென்ஸ் உள்ளது என்று போலீஸார் கூறினார்கள். பாதுகாவலரைக் கைதும் செய்தார்கள். முன்பின் தெரியாதவர் கைக்கு அது போகவில்லை. தினமும் முகம் பார்க்கும் முதலாளியின் கைக்குத்தான் போயிற்று.

ஊரில் துப்பாக்கி உள்ளவர்கள் கவனத்துக்கு

இப்போது நண்பரின் கேள்விக்கு வருகிறேன். இது பலருக்கும் பயன்படும்.

லைசென்ஸ் ஆளுக்கு உரியது, வீட்டுக்கு உரியதல்ல. அவர் காலமானதும் அந்தத் துப்பாக்கியை வீட்டில் வைத்திருக்க மற்றவருக்கு உரிமை இல்லை. சட்டத்தின் 21-ஆம் பிரிவுப்படி, வீண் தாமதம் இல்லாமல் அருகிலுள்ள போலீஸ் நிலையத்திலோ, விதிகளின்படி லைசென்ஸ் உள்ள ஆயுத வியாபாரியிடமோ ஒப்படைக்க வேண்டும். தோட்டாக்களையும் சேர்த்துத்தான். ரசீது வாங்கிக்கொள்ள வேண்டும். துப்பாக்கியை நீங்களே தூக்கிக்கொண்டு பஸ்ஸில் போக வேண்டாம். முதலில் நிலையத்துக்குப் போய் எழுதிக் கொடுத்து, அவர்கள் சொல்லும் முறைப்படி செய்யுங்கள்.

ஒப்படைத்துவிட்டால் சொத்து போய்விட்டது என்று பொருளல்ல. வாரிசுகளில் ஒருவர் லைசென்ஸ் பெற்றுத் திரும்ப எடுத்துக்கொள்ளலாம். அல்லது தகுதி உள்ள ஒருவருக்கு விற்கச் சொல்லிப் பணத்தைப் பெறலாம். ஆனால் விதியில் உள்ள கெடுவுக்குள் செய்யாவிட்டால் அரசுடைமையாகிவிடும்.

பெரியவர் நல்லபடியாக இருக்கும்போதே ஏற்பாடு செய்வது இன்னும் நல்லது. 2016 ஆயுத விதிகளின்படி, லைசென்ஸ்தாரருக்கு 70 வயது ஆனதும், அல்லது துப்பாக்கியை 25 ஆண்டுகள் வைத்திருந்ததும், இவற்றில் எது முந்தியதோ அப்போது, தாம் விரும்பும் வாரிசின் பெயருக்கு லைசென்ஸ் கேட்கலாம். வாரிசையும் போலீஸ் விசாரிக்கும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

வெளியாளுக்கு விற்பதானால், முன் சொன்ன எழுத்துமூல அறிவிப்பும் 45 நாளும் உண்டு. வாங்குபவரின் லைசென்ஸை நேரில் பாருங்கள். அவரிடம் ஏற்கெனவே இரண்டு துப்பாக்கி இருந்தால் மூன்றாவது வாங்க முடியாது. விற்றபின் உங்கள் லைசென்ஸில் அந்தத் துப்பாக்கி நீக்கப்பட்டு, அவர் லைசென்ஸில் ஏறியதா என்று உறுதி செய்துகொள்ளுங்கள். என் ஸ்கூட்டர் கதை உங்களுக்கு வேண்டாம். லைசென்ஸ் இல்லாமல் துப்பாக்கி வைத்திருந்தால், 2019 திருத்தத்துக்குப் பின் இரண்டு முதல் ஐந்து ஆண்டு வரை சிறை.

வெளிநாட்டில் உள்ள பிள்ளைகளுக்கும் ஒரு வார்த்தை. அவர்கள் இருக்கும் மாநிலத்தில் சட்டம் கேட்காவிட்டாலும், தனியாரிடம் விற்கவோ வாங்கவோ நேர்ந்தால் லைசென்ஸ் உள்ள கடை மூலமாகச் செய்யச் சொல்லுங்கள். கடைக்காரர் சிறு கட்டணம் வாங்கிக்கொண்டு சோதனை செய்து கொடுப்பார். அந்தக் காகிதம் பின்னால் ஒரு நாள் காப்பாற்றும்.

நண்பர் இதையெல்லாம் கேட்டுவிட்டு மைத்துனரிடம் பேசினார். முதலில் மைத்துனருக்குக் கோபம். "அவரைச் சந்தேகப்படுகிறீர்களா?" என்றாராம். நண்பர் பக்கத்துத் தோட்டக்காரரையே நேரில் கேட்டுவிட்டார். லைசென்ஸுக்கு மனு கொடுக்கவே இல்லையாம். "கேட்டால் தருவார்களோ மாட்டார்களோ என்று தயங்கிக்கொண்டிருந்தேன்" என்று அவர் கூச்சப்படாமல் சொன்னார். இருபது வருடப் பழக்கம் கெடவில்லை. துப்பாக்கி இப்போது போலீஸ் நிலையத்தில் இருக்கிறது. தோட்டக்காரர் மனு கொடுத்திருக்கிறார். லைசென்ஸ் கிடைத்தால் அவருக்கே விற்பதாக ஏற்பாடு.

தெரிந்த ஆள் என்பது நட்புக்குப் போதும், துப்பாக்கிக்குப் போதாது. ஒரு மனிதரைப் பற்றி நமக்குத் தெரிந்தது கொஞ்சம். கேட்க வேண்டிய இடத்தில் ஒரு தடவை கேட்டுவிடுவதால் யாருக்கும் அவமானம் இல்லை. கேட்மேன் நல்லவர் என்று ஸ்டேஷன் மாஸ்டருக்குத் தெரியாதா என்ன? தெரியும். இருந்தாலும் நம்பரைக் கேட்டு வாங்கி எழுதிக்கொண்டுதான் சிக்னலைக் கொடுக்கிறார்.